மெய்ம்மீனும் புனைமீனும்

எண்ணற்கரியது என்பதற்கு நம் முன்னோர் காட்டிய எடுத்துக்காட்டுகள் இரண்டு. ஒன்று கடற்கரை மணல். மற்றொன்று வானத்து மீன். இவ்விரண்டனுள் பின்னதைக் கணிப்பொறி இன்று வேண்டுமளவு ஆக்கிக் காட்டுகிறது. அங்ஙனம் ஆக்கப்பெற்ற மீன்களையும், உண்மையாகவே வானில் எரிந்துகொண்டிருக்கும் மீன்களையும் ஒரே திரையில் அருகருகே வைத்து நம் பிள்ளைகள் விளையாடி வருகின்றனர். தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இப்பொருள் எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். மொழி கற்பிப்போரும் கற்போரும் இந்நாளில் தவறாது எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள் இது என்பது நம் கருத்து. அக்கருத்துக்கான காரணங்களை முறையே எடுத்துரைக்க விழைகின்றோம்.

நைனார்பாளையத்து மொட்டை மாடி

நோன்புப் பெருநாள் விடுமுறையில் நாம் பிறந்த ஊராகிய நைனார்பாளையத்துக்குச் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலம் பகுதியைச் சேர்ந்த ஊர் அது. வடமேற்கே கல்வராயன் மலை. சுற்றிலும் மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் விளையும் நிலம். பொறியியல் பயிலும் நம் தம்பி மகன் கணிப்பொறியின் முன் அமர்ந்து விண்கலம் ஒன்றைச் செலுத்திக்கொண்டிருந்தான். "பெரியத்தா, இந்த நட்சத்திரத்தை முதலில் கண்டுபிடித்தது நான்தான். என் பெயர் போட்டிருக்கிறது பாருங்கள்" என்று திரையைக் காட்டினான். அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம்.

சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. காற்றுக்காக இருவரும் மொட்டை மாடிக்குச் சென்றோம். ஊர் முழுதும் இருளில் மூழ்கியிருந்தமையால் வானம் தெளிவாக விளங்கிற்று. மேற்கே கார்த்திகைக் கூட்டம் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே செந்நிறமாய் ரோகிணி. அதற்கும் மேலே திருவாதிரை. இவற்றுள் ஒன்றையேனும் அடையாளம் காட்ட அவனால் இயலவில்லை. "ரோகிணியைத்தான் மேனாட்டார் அல்டெபரான் என்பர்" என்று நாம் சொன்னதும், "அல்டெபரானா? அங்கே நான் போயிருக்கிறேனே!" என்று வியந்தான். பின்னர்ச் சற்றுப் பொறுத்து, "அப்படியென்றால் நான் கண்டுபிடித்த நட்சத்திரம் இதில் எந்தப் பக்கம் இருக்கும், பெரியத்தா?" என்று கேட்டான்.

அது வானில் எந்தப் பக்கமும் இல்லை என்று அவனிடம் சொல்ல அப்போது நமக்கு மனம் வரவில்லை. அன்று சொல்லாது விட்டதை இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மீன்கள் ஆக்கப்படும் முறை

அவன் ஆடிய விளையாட்டின் பெயர் 'எலைட் டேஞ்சரஸ்'. இங்கிலாந்தின் ஃபிரன்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. நம் பால்வீதி மண்டலம் முழுவதையும் தன்னகத்தே கொண்டதாகச் சொல்லப்படும் இவ்விளையாட்டில் ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் வானியலார் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பெற்றவை சுமார் ஒன்றரை இலட்சம். எஞ்சியவை அனைத்தும் விதிமுறைகளின்படி கணிப்பொறியே ஆக்கிக்கொண்டவை. கணக்கிட்டுப் பார்ப்பின் சுமார் 27 இலட்சத்துக்கு ஒன்றே மெய்ம்மீன், பிறவெல்லாம் புனைமீன்கள்.

இக்கலைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1984இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் 'எலைட்' என்ற முதல் விளையாட்டை உருவாக்கினர். அவர்கள் பயன்படுத்திய பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் ஒரு நிழற்படம்கூட அவ்வளவினுள் அடங்காது. அத்துணைச் சிறிய இடத்தில் ஒவ்வொரு மண்டலத்திலும் 256 மீன்களாக எட்டு மண்டலங்களை அவர்கள் வைத்தனர். இதன் சூழ்ச்சி எளியது. மீன்களின் பட்டியலை எங்கும் எழுதி வைக்கவில்லை. வித்துப் போன்ற சில எண்களையும், அவ்வெண்களிலிருந்து அடுத்தடுத்த எண்களை வருவிக்கும் விதி ஒன்றையும் மட்டும் வைத்தனர். அழைக்கும்போது விதி இயங்கும், மீன் தோன்றும். அதே வித்துக்கு அதே மீனே எப்போதும் தோன்றும். இம்முறையில் 281 இலட்சம் கோடி மண்டலங்களைக்கூட வருவித்திருக்கலாம் என்றும், அத்துணைப் பெருக்கம் விளையாட்டின் செயற்கைத் தன்மையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கருதியே எட்டாகக் குறைத்தனர் என்றும் கூறுவர். 2016இல் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விளையாட்டிலோ 18-க்குப் பின் 18 சுழிகள் இட்ட எண்ணிக்கைக்கும் மேலான கோள்கள் உள. அவற்றுள் ஒன்றும் மெய்யன்று. மெய்யென்று அவ்விளையாட்டு சொல்லிக்கொள்வதும் இல்லை.

மீன்கள் காணப்பட்ட முறை

இனி மெய்ம்மீன்களின் பட்டியல் எங்ஙனம் உருவாயிற்று என நோக்குவோம். தாலமி தொகுத்த பழைய பட்டியலில் 1,022 மீன்கள் இருந்தன. பல நூற்றாண்டுகள் அதனைப் படியெடுத்தோரே மிகுதி. பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி அதனைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மீனின் ஒளியளவையும் தம் கண்ணால் மதிப்பிட்டுத் திருத்தினார். 964ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய 'நிலைத்த விண்மீன்கள்' என்னும் நூல் அவ்வுழைப்பின் பயன். அவருக்குப் பின் சமர்கந்தில் ஆய்வுக்கூடம் அமைத்த உலுக் பெக், 1437இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் இருப்பிடங்களைப் புதிதாக அளந்து பட்டியலிட்டார். சமர்கந்திலிருந்து காண இயலாத தென்வானத்து மீன்கள் சிலவற்றை அல்-சூஃபியின் நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதைச் சொல்லியும் வைத்தார். தாம் கண்டது எது, பிறரிடமிருந்து பெற்றது எது என்று பிரித்துக் காட்டிய இந்நேர்மையை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

ரோகிணிக்கு அரபியர் இட்ட பெயர் 'அத்தபரான்'. பின்தொடர்வது என்பது அதன் பொருள். கார்த்திகைக் கூட்டத்தைத் தொடர்ந்து எழுவதால் வந்த பெயர் அது. இரவில் கவலை இறைத்த நம் பாட்டனார், கார்த்திகை எங்கே நிற்கிறது, அதன் பின் வரும் ரோகிணி எங்கே நிற்கிறது என்று பார்த்தே நீர்முறை மாற்றுவார் என நம் இளமையில் கேட்டிருக்கிறோம். அரபுப் பாலையில் ஒட்டகம் ஓட்டியவரும் கள்ளக்குறிச்சிச் சீமையில் ஏரோட்டியவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இரு சாராரும் ஒரே மீனை ஒரே வகையில் கண்டனர். மீன் அங்கே இருந்தமையால் அது கைகூடிற்று.

தமிழ்நாட்டுக்கும் இப்பணியில் பெரும்பங்கு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்ற அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து டெய்லர் என்பவர் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து 1844இல் பட்டியல் வெளியிட்டார். அவ்வாய்வுக்கூடத்தின் உதவியாளராக உழைத்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்ற மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்பது அதன் பெயர். சுமார் ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை அது ஒளி கூடும். சென்னையிலிருந்து நோக்குவோர்க்குத் தென்வானில் மிகத் தாழ்ந்தே தோன்றும். இலண்டன் இராயல் வானியல் கழகம் 1872இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்கப் பல இந்திய மொழிகளில் சிறுநூல் வெளிவரவும் செய்தார்.

நம் கல்வராயனுக்கு வடக்கே சவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அதனை அமைக்கப் பாடுபட்ட வேணு பாப்பு, அது முடிவுறுவதைக் காணாமலே 1982இல் மறைந்தார். அம்மலையிலிருந்தே 1988இல் சிறுகோள் ஒன்று கண்டறியப்பட்டுக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பெற்றது.

ஐரோப்பியர் 1989இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1,18,218 மீன்களைத் துல்லியமாக அளந்தது. ஒரு கண்ணை மூடிப் பெருவிரலைப் பார்த்து, பின் மறு கண்ணால் பார்த்தால் விரல் இடம்பெயர்வதுபோல் தோன்றுமன்றோ? புவி தன் பாதையின் இரு கோடிகளில் நிற்கும் காலங்களில் ஒரே மீனைப் பார்த்து, அத்தகைய பெயர்ச்சியை அளந்து தொலைவைக் கணித்தனர். விண்வெளி விளையாட்டுகளில் வரும் மெய்ம்மீன்களுக்கு அப்பட்டியல் பெருந்துணையாயிற்று. அடுத்து வந்த கையா விண்கலம் ஏறத்தாழ 180 கோடி மீன்களின் விவரங்களைத் திரட்டி 2022இல் தந்தது. பால்வீதியில் உள்ளவற்றில் இது நூற்றுக்கு ஒன்று என்னும் அளவே.

இங்கே ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. இல்லாத மீனுக்கு நம் தம்பி மகன் பெயர் கண்டவன் பெயராகப் பதிவாகியுள்ளது. இருக்கின்ற மீனைக் கண்ட இரகுநாதாச்சாரியின் பெயரோ அம்மீனின் பெயரில் இல்லை. நம் பாடநூல்களிலும் அரிதாகவே காணப்படுகிறது.

வேறுபாடு யாது?

புனைமீன்களை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவை வெறும் கற்பனையும் அல்ல. விண்மீன்கள் எங்கு நெருங்கும், எங்கு அருகும், எத்தகைய மீனைச் சுற்றி எத்தகைய கோள்கள் அமையும் என வானியல் கண்ட விதிகளைக் கொண்டே அவை ஆக்கப்படுகின்றன. கையா விண்கலம் ஏவப்படும் முன்னரே, அது எவற்றையெல்லாம் காணக்கூடும் என்று அறிய அறிவியலாரும் நூறு கோடி மீன்கள் கொண்ட மாதிரி வானம் ஒன்றைக் கணிப்பொறியில் ஆக்கிப் பார்த்தனர். ஆனால் அதனை மாதிரி என்றே அழைத்தனர்.

2017 பிப்ரவரியில், சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கலான மீனை ஏழு கோள்கள் சுற்றி வருவதாக வானியலார் அறிவித்தனர். ஏறத்தாழ அதே இடத்தில் ஏழு கோள்களுடன் ஒரு மங்கலான பொருளைத் தங்கள் விளையாட்டின் விதிகள் முன்பே ஆக்கி வைத்திருந்ததாக எலைட் டேஞ்சரஸை உருவாக்கியவர்கள் வியப்புடன் தெரிவித்தனர். வியப்புக்குரியதே. அதன் பின் அவர்கள் செய்தது யாது? தம் புனைமீனை மெய்ம்மீனின் அளவுகளுக்கு ஏற்பத் திருத்தி, மெய்ப்பெயரையும் சூட்டினர். எது எதற்குத் தலைவணங்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மெய்ம்மீன் நம்மைத் திருத்தும் ஆற்றலுடையது. 2019இன் இறுதியில் திருவாதிரை எவரும் எதிர்பாராவண்ணம் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே புலப்படும் அளவுக்கு ஒளி குன்றியது. அம்மீன் வெளியேற்றிய தூசு அதன் ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் விளக்கினர். பட்டியலைப் பார்த்து எழுதிய திருவாதிரை அவ்வாறு மங்கியிராது. புனைமீன் அழைத்தால் வரும்; வித்தும் விதியும் சொன்னதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இரகுநாதாச்சாரியின் மீனோ, அவர் 1880இல் மறைந்த பின்னும், எவர் பார்ப்பினும் பாராவிடினும், கூடியும் குறைந்தும் எரிந்துகொண்டே இருக்கிறது.

எனவே புனைவதில் பிழையில்லை. புனைந்ததைப் புனைந்தது என்று குறிக்காமல் விடுவதிலேயே பிழை உண்டு. எலைட் டேஞ்சரஸில் புனைமீன்கள் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட குறியீடுகளால் அழைக்கப்படுகின்றன. பழம்பெயரோ பட்டியல் எண்ணோ உடையவை பெரும்பாலும் மெய்ம்மீன்கள். ஆயினும் 1984ஆம் ஆண்டு விளையாட்டில் புனையப்பெற்ற 'லாவே' போன்ற பெயர்கள் மெய்ப்பெயர்களின் நடுவே எவ்வித வேறுபாடுமின்றி நிற்கின்றன. அவ்விடங்களில் பெயர் மட்டும் துணை செய்யாது. அறிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும், அல்லது நாமே வானத்தையோ பட்டியலையோ பார்க்க வேண்டும்.

கணக்கையும் காட்சியையும் பிரித்துணரும் பழக்கம் நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. நோன்பு மாதத்துக்கு முந்திய மாலையில் பிறை எத்திசையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணக்கு சொல்லும். ஆயினும், "பிறை கண்டேன்" என்று வந்தவரிடம் எங்கே கண்டீர், எப்போது கண்டீர், உடன் கண்டவர் யார் என்று பெரியோர் கேட்பதை நாம் சிறுவயது முதல் பார்த்திருக்கிறோம். அக்கேள்விகள் ஐயத்தால் மட்டும் எழுவன அல்ல. கண்ட கண்ணுக்கு நாம் தரும் மதிப்பும் அவற்றில் உண்டு.

நம் துறைக்கு வந்த புனைமீன்

சென்ற பருவத்தில் பதிற்றுப்பத்து குறித்து மாணவர் ஒருவர் ஒப்படைவு எழுதித் தந்தார். நல்ல நடை, ஒழுங்கான பகுப்பு. நடுவே முதற்பத்துப் பாடல் ஒன்றன் நான்கு அடிகள், பாடிய புலவர் பெயருடன் மேற்கோளாக இருந்தன. அதைக் கண்டு திடுக்கிட்டோம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்துபோயின என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்தது. உரைகளிலும் தொகை நூல்களிலும் சிதறிக் கிடக்கும் சில செய்யுட்களை அவற்றைச் சார்ந்தவையாக அறிஞர் கருதுவர். மாணவர் தந்த அடிகளோ அவற்றிலும் இல்லை. அழைத்து வினவியபோது, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டதாகவும், அது தந்ததை அவ்வாறே எழுதியதாகவும் கூறினார். அவர் பொய் சொல்ல எண்ணவில்லை. சங்கப் பாடல் என்றே நம்பினார். ஆசிரியப்பாவின் ஓசையும் பழஞ்சொற்களும் அமைய ஆக்கப்பட்டிருந்தமையால், நாம் மறந்திருப்பின் நாமும் நம்பியிருப்போம். வானத்தில் இல்லாத மீனுக்கு மெய்ப்பெயர் இட்டு நிறுத்தியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விளையாட்டுக்காரர் தம் மீன்களுக்கு வேறு குறியீடாவது இட்டனர். இங்கே அதுவும் இல்லை.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையரை நினையாதிருத்தல் இயலாது. அவர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவர் நினைத்திருந்தால் நிரப்பியிருக்க முடியாதா? அவரினும் மிகுந்த புலமை எவர்க்கு உண்டு? இல்லாத பாடல்களை இல்லை என்றே விட்டார். செல்லரித்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். அப்புள்ளிகள் ஒவ்வொன்றும் பின்வந்தோர்க்கு அவர் விடுத்த அழைப்பு: இங்கே ஒன்று இருந்தது, தேடுங்கள் என்று. நிரப்பியிருந்தால் தேடுவார் எவர்?

எழுபது பாடல்கள் கொண்டிருந்த பரிபாடலில் இன்று முழுமையாக உள்ளவை இருபத்திரண்டே. எஞ்சியவற்றைக் கணிப்பொறி ஒரே இரவில் ஆக்கித் தந்துவிடும். அவற்றைப் படித்து இன்புறவும் கூடும். ஆனால் அவற்றுள் வையை ஓடாது; அதில் நீராடிய மக்களும் இரார்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே! விளையாடாதீர் என்றோ, புதிய கருவிகளைத் தீண்டாதீர் என்றோ நாம் சொல்ல வரவில்லை. நூலோர் சொன்னதை நூலோர் சொன்னதாகவும், நீங்கள் கண்டதை நீங்கள் கண்டதாகவும், கருவி ஆக்கித் தந்ததைக் கருவி ஆக்கியதாகவும் குறித்து எழுதுங்கள். மேற்கோள் ஒன்று கிடைத்தால் மூலநூலின் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே இல்லையெனில் இல்லை என்று எழுதும் துணிவு கொள்ளுங்கள். அதற்காக எவரும் மதிப்பெண்ணைக் குறைக்காதிருத்தல் ஆசிரியராகிய எங்கள் பொறுப்பு.

பெரியோர்களிடமும் ஒன்று கேட்கின்றோம். மீன் பார்த்து நீர் இறைத்தவர்களும், மலையேறி இறங்கியவர்களும் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். எம்மீனுக்கு என்ன பெயர் வழங்கினீர்கள், எதைக் கண்டு எப்பொழுதை அறிந்தீர்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதி வைக்கட்டும். எந்தப் பட்டியலிலும் இல்லாத மெய் அது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது தம்பி மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துள்ளோம். அவன் கண்ட மீன் அவ்விளையாட்டில் மட்டுமே உண்டு. அதைக் கண்ட மகிழ்ச்சி மட்டும் அவனுக்கு மெய். அதைச் சொன்ன பின் அவனை மாடிக்கு அழைத்துச் சென்று, இரகுநாதாச்சாரியின் மீன் இருக்கும் தென்வான மூலையைக் காட்டுவோம். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஆயினும் அங்கே இருக்கிறது.